ஒன்பது அங்குல வேகத்தடை

வருசநாடு
3.8.2024

அனுப்புநர்: மு. செல்லப்பாண்டி, ஓய்வுபெற்ற எழுத்தர், பால் கூட்டுறவுச் சங்கம். தற்போது மகள் வீட்டில்.
பெறுநர்: உமர் பாருக், பலசரக்குக் கடை, தெற்குப் பேட்டை.
பொருள்: பேப்பரில் போட்டோ வந்தது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: 1.8.2024 தேதியிட்ட நாளிதழ், ஏழாம் பக்கம், கீழ்மூலை.

மாப்பிள்ளை,

பார்வையில் கண்ட பேப்பரை நேற்று சலூனில், முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். ‘தெற்குப் பேட்டையில் ஆளைத் தள்ளும் வேகத்தடை: சரிசெய்யக் கோரி மனு’ என்று தலைப்பு. கீழே போட்டோ. நம் தெரு, நம் வேகத்தடை, அதன் மேல் நீ. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதைப் போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். மறுமுனையில் ஒரு பெண். ‘குடியிருப்போர் சார்பில் உமாதேவி மற்றும் பலர்’ என்று போட்டிருந்தது. மற்றும் பலரில் நீ ஒருவன் போலிருக்கிறது. வாழ்த்துகள்.

யார் அந்த உமாதேவி? எட்டு மாதத்துக்கு முன்னால் நான் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் மகாலட்சுமியோடு இங்கே வந்தபோது, அந்தப் பெயரில் நம் தெருவில் யாரும் இல்லை.

அந்த வேகத்தடை எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை வேன் அடித்துக் கால் போனதும், பேரூராட்சிக்குப் பதினான்கு மனு எழுதியவன் நான். மூன்று பக்கத்துக்குக் குறைந்து ஒரு மனுவும் எழுதியதில்லை. தெருவிளக்கு, சாக்கடை மூடி, குடிதண்ணீர்க் குழாய் என்று இருபத்திரண்டு வருடமாக நம் தெருவில் ஒரு முறை இருந்தது. எழுதுவது நான். முதல் கையெழுத்து நான். இரண்டாவது கையெழுத்து நீ, கடை ரப்பர் ஸ்டாம்போடு. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அந்த முறைப்படி வாங்கிய வேகத்தடையைப் பற்றி, எனக்கு ஒரு வார்த்தை தெரியாமல், என் மாப்பிள்ளையே மனு கொடுக்கிறான்.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. எனக்கென்ன பொறாமை? விவரத்துக்காகக் கேட்கிறேன். மனுவை எழுதியது யார், எத்தனை பக்கம், முதல் கையெழுத்து யாருடையது என்ற மூன்றையும் தெளிவாகத் தெரிவிக்கவும். போனில் வேண்டாம். இங்கே கரட்டு மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கிறது. கிடைத்தாலும் காது மிஷின் கூவுகிறது.

இப்படிக்கு,
செல்லப்பாண்டி


தெற்குப் பேட்டை
9.8.2024

மச்சானுக்கு உமர் எழுதுவது.

கடையில் இருந்தபடியே எழுதுகிறேன். நடுவில் எங்காவது பேச்சு அறுந்தால் யாரோ பருப்பு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்.

உமாதேவி பங்குனியில் குடி வந்தார். வைகுண்டராஜ் வீட்டு மாடி. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். இவர் ஹாலோபிளாக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறார். மனுவை எழுதியது அவர்தான். டைப் அடித்தது. ஒரே பக்கம். முதல் கையெழுத்து அவர். இரண்டாவது நான். மூன்று கேள்விக்கும் பதில் முடிந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ போன பிறகு அந்த மேட்டில் அடித்திருந்த வெள்ளைக் கோடு சுத்தமாகப் போய்விட்டது. மழை பெய்தால் தார் எது, மேடு எது என்று தெரிவதில்லை. வெளியூர் வண்டிகள் வந்த வேகத்தில் ஏறிக் குதிக்கின்றன. திராட்சை ஏற்றிய குட்டி யானை வேன் ஒன்று கவிழ்ந்து, கடை வாசலெல்லாம் பழம். அதைக்கூட விடு. காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் தூக்கிப் போட்டதில், பின்னால் உட்கார்ந்திருந்த கஸ்தூரியம்மாளுக்கு இரண்டு பல் போனது. ஆடி பிறந்ததிலிருந்து மட்டும் ஏழு பேர் விழுந்திருக்கிறார்கள். உமாதேவி டியூப் வைத்து அளந்தார். நடுவில் ஒன்பது அங்குலம். சட்டப்படி நான்குதான் இருக்க வேண்டுமாம்.

ஆபீசில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அனுமதித்த அளவில்தான் போட்டோம், வேறு அளவு என்றால் ஆதாரம் காட்டுங்கள் என்கிறார்கள். ஆதாரம் அவர்கள் பைலில்தான் இருக்க வேண்டும். புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அந்த பைல் எங்கே போனதென்று அவர்களுக்கே தெரியவில்லை.

அந்த அனுமதி உத்தரவின் நகல் உன்னிடம் இருக்கிறது. நீ ஒரு துண்டுச் சீட்டையும் தூர எறிந்தவன் இல்லை. உன் வீட்டுப் பீரோவில் இருக்கும். வீட்டுச் சாவியை உன் மருமகனிடமோ பஸ் கண்டக்டரிடமோ கொடுத்து அனுப்பு. எடுத்துக்கொண்டு பூட்டிவிடுகிறேன்.

எப்படி அது ஒன்பது அங்குலம் ஆனது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் ரஹ்மத் உன்னை விசாரித்தாள். “அண்ணனுக்கு அங்கன சாப்பாடு ஒத்துக்கிருச்சான்னு கேளுங்க” என்றாள்.

உமர்


வருசநாடு
17.8.2024

பொருள்: வீட்டுச் சாவி கோரியது – பரிசீலனையில் உள்ளது – தொடர்பாக.
பார்வை: தங்கள் 9.8.2024 நாளிட்ட கடிதம்.

மாப்பிள்ளை,

பார்வையில் கண்ட கடிதம் கிடைத்தது. ஒரு கடிதத்தில் ஐந்து இடத்தில் ‘உமாதேவி’, ‘அவர்’, ‘இவர்’. என்னை விசாரித்தது ஒரே இடத்தில், அதுவும் ரஹ்மத்.

சாவியைப் பொறுத்தவரை, எங்கே வைத்தேன் என்று உடனடியாக நினைவில்லை. தேட வேண்டும். தேடிக் கிடைத்தாலும், என் வீட்டுக்குள் முகம் தெரியாத ஒரு பெண்மணி டேப்பும் டியூபுமாக நுழைவதை நான் எப்படி அனுமதிப்பது? என் வீட்டுக்காரி இறந்த பிறகு அந்த வீட்டுக்குள் என்னையும் மகாலட்சுமியையும் உங்கள் வீட்டாரையும் தவிர வேறு யாரும் நுழைந்ததில்லை.

இதற்கு நான் ஒரு வழி சொல்கிறேன். அந்த ஒரு பக்க மனுவை வாபஸ் வாங்குங்கள். புரட்டாசி முதல் வாரம் நான் நேரில் வருகிறேன். முறைப்படி விவரமாக நானே எழுதுகிறேன். ஆதாரத்தை நானே இணைக்கிறேன். பழைய முறைப்படி கையெழுத்துப் போடுவோம். விருப்பமிருந்தால் அந்த அம்மாள் மூன்றாவதாகப் போடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். வருசநாட்டுச் சந்தைக்கு வந்த நம் தெருச் செல்லையா சொன்னான். சாயங்காலம் கடை வாசலில் போட்டிருக்கும் என் பெஞ்சில் அந்த அம்மாள் உட்கார்ந்து டீ குடிக்கிறாராம். நீயும் கல்லாவை உன் மகன் அஸ்லமிடம் விட்டுவிட்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்காருகிறாயாம். எனக்காக நீ ஒரு நாளும் கல்லாவை விட்டு எழுந்ததில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டபடி நானேதான் பேசிக்கொண்டிருப்பேன், நீ பருப்பு நிறுத்துக்கொண்டே ஊம் கொட்டுவாய். அங்கே ஊம் கொட்டினாயா, பேசினாயா என்று செல்லையாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை இல்லை, வயிற்று உப்புசம்.

தார் விஷயத்தை எழுதாமல் விட்டாய், நல்லது. ஆனால் அதையும் யோசி. அன்றைக்கு ரோடு போட்ட ஆட்கள் நான்கு அங்குலத்தில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பதினான்கு மனுவுக்கு இந்த அப்பளமா என்று எனக்கு வயிறெரிந்தது. பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்து, மிச்சமிருந்த கலவை முழுவதையும் அதன் மேலேயே கொட்டச் சொன்னேன். நீ கடையிலிருந்து இரண்டு மண்வெட்டி கொண்டுவந்து பரப்பிவிட்டாய். அந்த உத்தரவு வெளியே வந்தால் நான்கு எப்படி ஒன்பதானது என்று கேட்பார்கள். அப்போது மற்றும் பலரில் ஒளிந்துகொள்ள முடியாது. நான் சாவி தரத் தயங்குவது இதனால்தான். வேறு காரணம் இல்லை.

அந்த அம்மாளிடம் இதைச் சொல்லியிருக்கிறாயா? உண்மையைத் தெரிவிக்கவும்.

செல்லப்பாண்டி


தேனி, ஆஸ்பத்திரி
29.8.2024

செல்லப்பாண்டிக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் ரஹ்மத் விழுந்துவிட்டாள். உத்தமபாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு அஸ்லமோடு ஸ்கூட்டரில் வந்தாள். மழை. எதிரில் வந்த ஜீப்பின் லைட் அஸ்லம் கண்ணில் அடித்திருக்கிறது. தினமும் தாண்டுகிற மேடு, அவனுக்குத் தெரியாதா? மேட்டுக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டான். வண்டி எகிறியதில் அவள் பின்னால் விழுந்தாள். கடை வாசலில், என் கண் முன்னால். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மறுபடி நடப்பாளா என்று கேட்டால், டாக்டர் பார்க்கலாம் என்கிறார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை அவள் விழுந்தாள். மேட்டை வெட்ட இரண்டு நாள் போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பதாம் தேதி நான் எழுதினேன். நீ அன்றைக்கே சாவி அனுப்பியிருந்தால் வெள்ளைக் கோடாவது அடிக்க வைத்திருப்போம். ராத்திரி பெஞ்சில் படுத்துக்கொண்டு இதைத்தான் கணக்குப் போடுகிறேன்.

சாவி காணவில்லை என்று எழுதினாய். மகாலட்சுமியிடம் போனில் கேட்டேன். “அப்பா அதை அரணாக்கயித்துலயே கட்டிருக்காக மாமா” என்றது பிள்ளை.

ஆட்டோவில் ரஹ்மத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது உமாதேவி. தேனி வந்து சேரும் வரை அவள் வலியில் கத்தாமல் இருக்க, ஏதேதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். சொல்லிவிட்டேன். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது, வராந்தாவில் வைத்து, பரோட்டாவிலிருந்து மண்வெட்டி வரை எல்லாவற்றையும் உமாதேவியிடம் சொல்லிவிட்டேன். திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

அஸ்லம் ஒரு கடப்பாறையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுப் பூட்டை உடைக்கக் கிளம்பினான். நான் தடுக்கவில்லை. தடுத்தது அந்தப் பெண்தான். “வேணாம் தம்பி. அது அவுக வீடு. அவுகளாத் தெறந்து குடுக்கட்டும்” என்றது.

எனக்கு எழுத இனி ஒன்றும் இல்லை.

உமர் பாருக்


வருசநாடு
4.9.2024

மாப்பிள்ளை,

சாவியை மருமகன் சுருளிராஜனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அவனே தருவான். பீரோவின் கீழ்த்தட்டில் நீல மஞ்சப்பை, என்னத்தை எழுதுகிறேன், நீல நிறப் பை இருக்கும். அதில் ‘வேகத்தடை’ என்று மேலே எழுதிய அட்டைக்குள் எட்டாவது தாள். பத்து சென்டிமீட்டர் உயரம் என்று உத்தரவில் இருக்கும், அடியில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன். கூடவே நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இணைத்திருக்கிறேன். அந்தக் கலவையைக் கொட்டச் சொன்னது செல்லப்பாண்டியாகிய நான் மட்டும் என்று அதில் இருக்கிறது. மண்வெட்டியைப் பற்றி எழுதவில்லை. நீயும் எழுதாதே.

நீ கடிதம் எழுதியது போல் இல்லை, கல்லால் அடித்தது போல் இருந்தது. படித்துவிட்டுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். மகாலட்சுமி வந்து என்னவென்று கேட்டது. சொன்னேன். “சாவி இடுப்புலதான இருந்துச்சு?” என்று ஒரே கேள்வி கேட்டது. அதற்கு மேல் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

போன கடிதத்தில் அந்தத் தாருக்குப் பயந்து தயங்குவதாக எழுதினேன். பயம் கால்வாசி. முக்கால்வாசி என்னவென்று உனக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்கும். நான் பொறாமைக்காரன். அந்தப் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் இல்லாமல் தெரு நடக்கிறது, நீ நடக்கிறாய், மனு நடக்கிறது. ஒரே பக்கத்தில் நடக்கிறது. நான் வந்து கேட்டால்தான் கிடைக்கும் என்று எல்லாரும் காத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடுகிறேன் என்று எழுதினேன். ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்ததும், நீ கெஞ்சி எழுதியிருப்பாய் என்று நினைப்பேன்.

இப்போதும் ஒன்று சொல்கிறேன், கேவலம்தான். உன் கடிதத்தில் ரஹ்மத்தின் இடுப்பெலும்பைப் படித்து அழுதேன். அடுத்த பத்தியில் ஆட்டோவைப் படித்ததும், அழுகையோடு அழுகையாக, அந்த ஆட்டோவில் அவள் தலைமாட்டில் நான் இருந்திருக்க வேண்டும், அந்தப் பெண் யார் இருக்க என்று ஒரு எரிச்சல் வந்தது. என் வீட்டுக்காரி போன அன்று எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தவள் ரஹ்மத். உன்னை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதே அவள் என்னை அண்ணன் என்றதால்தான். அவளுக்கு வந்த வலியில்கூட எனக்கு முதல் இடம் தேடுகிறது மனசு. இதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். எந்த முகத்தோடு வருவது? நீ வரச் சொன்னால் வருகிறேன்.

செல்லப்பாண்டி


தெற்குப் பேட்டை
13.9.2024

மச்சானுக்கு.

இனி எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தேன். எழுத வேண்டியிருக்கிறது.

சுருளிராஜன் சாவி கொடுத்த அன்றே உமாதேவியோடு போய்த் திறந்தோம். தாள் நீ சொன்ன இடத்தில் இருந்தது. அந்தப் பெண் பீரோவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உன் பதினான்கு மனுவையும் ஒன்றுவிடாமல் படித்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது. “இதையெல்லாம் கையால எழுதினாகளா?” என்று மட்டும் கேட்டது. உனக்கு இதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும். அதனாலேயே எழுத வேண்டாம் என்று நினைத்து, அப்புறம் எழுதிவிட்டேன்.

தாளையும் உன் வாக்குமூலத்தையும் ஆபீசில் கொடுத்தோம். நான் மண்வெட்டியைப் பற்றித் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் தயவு எனக்கு வேண்டாம். செயல் அலுவலர் இரண்டையும் படித்துவிட்டு, இருவர் மேலும் வழக்குப் போடலாம் என்று ஒரு தரம் சத்தம் போட்டார். பிறகு, இருபத்திரண்டு வருடமாக உங்கள் மனுவால் எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் தலைவலி, இப்போது நீங்களே ஒத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், போங்கள் என்றார். 23ஆம் தேதி திங்கட்கிழமை வெட்டி, நான்கு அங்குலத்தில் போட்டு, கோடு அடித்து, ‘முன்னே வேகத்தடை’ என்று போர்டும் வைக்கிறார்களாம்.

இனி என் பங்கு. நீ பொறாமையை ஒத்துக்கொண்டாய். படிக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது.

உனக்குத் தெரியாமல் அந்த மனு போனது தற்செயல் இல்லை. உமாதேவி முதல் நாளே கேட்டது, இந்த ஸ்பீடு பிரேக்கரை வாங்கினவர் யார், அவரிடம் பேப்பர் இருக்குமா என்று. அவர் ஊரில் இல்லை, காது கேட்காது என்றேன். இருபத்திரண்டு வருடம், மச்சான். தெருவிளக்குக்கும் நான் அலைந்தேன். சாக்கடை மூடிக்கு ஆபீஸ் வாசலில் நாள் முழுவதும் நின்றது நான். கடையைப் பூட்டிவிட்டு நின்றேன். எரிந்த விளக்கைப் பார்த்து ஊரே சொன்னது, செல்லப்பாண்டி கொண்டுவந்த விளக்கு. நான் ரப்பர் ஸ்டாம்பு. ரஹ்மத்கூட அப்படித்தான் சொல்வாள், “அண்ணன் எழுதுனா நடக்கும்” என்று. என் வீட்டுக்குள் இருந்துகொண்டு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். நீ ஊரை விட்டுப் போன அன்று எனக்குக் கண் கலங்கியது உண்மை. அதே சாயங்காலம் உன் பெஞ்சைப் பார்த்து ஒரு நிம்மதி வந்ததும் உண்மை.

பேப்பர்காரரைக் கூப்பிட்டு வந்தது நான். நில்லுங்கள் பாய் என்று அவர் சொல்லவில்லை, நானாகப் போய் டியூபைப் பிடித்தேன். செல்லையா உன்னிடம் பெஞ்சைப் பற்றிச் சொன்னான் இல்லையா? வருசநாட்டுச் சந்தைக்குப் போகிறவனைக் கூப்பிட்டு, மச்சானைப் பார்த்தால் சொல்லு என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

நான் ஆடி முதல் வாரமே ஒரு கார்டு போட்டு, மச்சான், உன் மேடு ஆளைத் தள்ளுகிறது, பேப்பரோடு வா என்று எழுதியிருந்தால் நீ அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாய். வந்து மூன்று பக்கம் எழுதியிருப்பாய். ஆடியிலேயே மேட்டை வெட்டியிருப்பார்கள். எல்லாரும் செல்லப்பாண்டி என்றிருப்பார்கள். அதைத் தாங்க முடியாமல் எழுதவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக்கொண்டு உன் நாட்களை மட்டும் எண்ணினேன். என்னுடையதை எண்ணவில்லை.

இது எதுவும் ரஹ்மத்துக்குத் தெரியாது. இனிச் சொல்ல வேண்டும்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். படுக்கைதான். வாக்கர் வாங்கி வைத்திருக்கிறோம். இறங்கப் பயப்படுகிறாள். காலைத் தரையில் வைத்ததும் மறுபடி விழுவோம் என்று அலறுகிறாள். இப்படியே விட்டால் கால் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார்.

வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்றும் எழுதவில்லை.

உமர்


தெற்குப் பேட்டை, உன் வீட்டுக்கு அடுத்த வீடு
23.9.2024

மாப்பிள்ளை,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைப் பார்த்திருப்பாய். கடை ஷட்டருக்கு அடியில் நானே தள்ளிவிட்டேன்.

காலையில் முதல் பஸ்ஸில் வந்தேன். நீ ரஹ்மத்துக்கு மாத்திரை வாங்கத் தேனிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது வசதியாகப் போனது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், திராட்சைப் பெட்டி அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று பார்த்தேன். மிஷின் வைத்து வெட்டினார்கள். மேல்தார் தனியாக, கீழ்த்தார் தனியாகப் பெயர்ந்து வந்தது. நாம் கொட்டியது தனி ஏடாக உரிந்தது.

புதிதாகப் போட்டதும் அந்தப் பெண் டியூபோடு வந்தது. மறுமுனை பிடிக்க ஆளைத் தேடியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, “ஐயா, செத்த இந்த முனையப் பிடிக்கிறீகளா?” என்றது. பிடித்தேன். இரண்டு மாதமாக இந்தப் பெண்ணை நினைத்து நான் வெந்திருக்கிறேன். அதற்கு என் முகம்கூடத் தெரியவில்லை. தண்ணீர் மட்டம் நிற்கும் வரை ஆடாமல் இருக்கச் சொன்னது, இருந்தேன். நான்கு அங்குலம் சரியாக இருந்தது. நீங்கள் எந்தத் தெரு என்று கேட்டது. வெளியூர் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிறகு உன் வீட்டுக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் போனதற்கு என்ன வேண்டுமானாலும் சொல்.

ரஹ்மத் பாதியாகிவிட்டாள். வாசலில் என்னைப் பார்த்ததும், “ஏன்ணே இம்புட்டு எளைச்சிட்டீக?” என்றாள். படுத்துக்கிடப்பவள் என்னைக் கேட்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைச் சொன்னேன். உன் பங்கை நான் சொல்லக் கூடாது என்று நிறுத்தினேன். அவள் சிரித்தாள். நீ முந்தாநாளே சொல்லிவிட்டாயாம், அழுதாயாம். பிறகு சொன்னாள்: “ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தீக. ரோட்ட யாருண்ணே பாத்தா?”

வாக்கரை எடுத்துக் கட்டிலருகே வைத்தேன்.

எழுந்து நட என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்றாள். வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன யோக்கியதை?

நான் வருசநாட்டுக்குத் திரும்பவில்லை. ரஹ்மத்திடம் சாவி வாங்கி வீட்டைத் திறந்து பெருக்கியிருக்கிறேன். எரிச்சல் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதை இன்று சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கொஞ்சம் எரிந்தது. ஆனால் இறங்கி வரவில்லை. நீ கூப்பிடாமல் கடைக்கு வர மாட்டேன்.

செல்லப்பாண்டி


வீட்டு வாசல்
26.9.2024

மச்சான்,

அஸ்லமிடம் கொடுத்து அனுப்புகிறேன். நான் வந்தால் பேச முடியாது.

இன்று அஸர் தொழுதுவிட்டு வந்தேன். ரஹ்மத் கட்டிலில் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நிற்கிறாள். உடம்பெல்லாம் நடுக்கம். பிடிக்கப் போனேன், கிட்ட வராதீர்கள் என்றாள். கட்டிலில் இருந்து வாசல்படி வரை வந்துவிட்டாள். எண்ணினேன், பதினோரு அடி. ஒரு மாதத்தில் நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை, ஒரு அடி வைக்கவில்லை. இன்று தானாக எழுந்து பதினோரு அடி.

வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, முதல் வார்த்தையாக, “அண்ணன் வீட்டுக் கதவு தெறந்திருக்கா பாருங்க, அவுக பாக்கட்டும்” என்றாள்.

எனக்கு எரிந்தது, மச்சான். சத்தியமாக எரிந்தது.

இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். ரொம்ப நேரம் நிற்க முடியாது. சீக்கிரம் வா.